641 எங்கிருந்து வந்தது? 4294967297 என்ற எண்ணின் பண்புகள்

கேள்வி இதுதான்: "4294967297 பகா எண் என்று ஃபெர்மா நம்பியதாகவும், அது 641-ஆல் வகுபடும் என்று ஆய்லர் காட்டியதாகவும் படித்தேன். கையால் கணக்குப் போட்ட காலத்தில் 641-ஐ எப்படிப் பிடித்தார்? அதிர்ஷ்டமா? இதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு சிறப்பு ஏதாவது உண்டா?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று நீளும் இந்த எண் உண்மையில் 2³² + 1 தான். அது 641 × 6700417 என்று பிரியும். இவ்விரண்டும் பகா எண்கள். 641 கிடைத்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. 2³² + 1 என்ற வடிவமே, எந்தெந்த எண்களால் அது வகுபட முடியும் என்பதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தீர்மானித்துவிடுகிறது. சரியான இடத்தில் தேடுகிறவருக்கு ஐந்தாவது வகுத்தலிலேயே 641 கிடைக்கும். இன்னும் கூர்மையாகத் தேடினால் முதல் வகுத்தலிலேயே கிடைக்கும். வேறு சிறப்புகள் உண்டா என்ற கேள்விக்கு, நிறையவே உண்டு என்பது பதில். அவற்றில் சில 641-ஐ விடவும் எனக்குப் பிடித்தவை.

பின்னணி சுருக்கமாக. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற வரிசை வரும். ஏன் இரட்டிக்கும் அடுக்குகள் மட்டும்? அடுக்கில் 3, 5 போன்ற ஓர் ஒற்றைக் காரணி இருந்தால் அந்த எண் உடனே உடைந்துவிடும். 2⁶ + 1 = 65 = 5 × 13. 2¹² + 1 = 4097 = 17 × 241. ஆகவே 2-இன் அடுக்குடன் 1 கூட்டிப் பகா எண் பெற வேண்டுமானால் அடுக்கும் 2-இன் அடுக்காகவே இருந்தாக வேண்டும். வரிசையின் முதல் ஐந்து எண்களும் பகா எண்கள். பிரான்சின் டூலூஸ் நகரில் நீதிமன்றப் பதவியில் இருந்துகொண்டே எண் கோட்பாட்டை வளர்த்த பியர் டி ஃபெர்மா, 1640-இல் ஃப்ரெனிக்ல் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகத் தெரிவித்தார். முழுமையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் அந்தக் கூற்றை யாரும் அசைக்கவில்லை. 1729 டிசம்பரில் கிறிஸ்டியன் கோல்ட்பாக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த 22 வயது ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில், ஃபெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். ஆய்லருக்கு முதலில் அதில் பெரிய ஆர்வமில்லை. கோல்ட்பாக் விடவில்லை. 1732-இல் ஆய்லர் சமர்ப்பித்த ஒரு சிறு கட்டுரையில் 641 வெளிப்பட்டது. அதற்குப் பின்னால் இருக்கும் பொது விதியை அவர் நிரூபணத்துடன் எழுதியது 1747-இல். ஆய்லர் எண் கோட்பாட்டுக்குள் நுழைந்த வாசல் இந்த எண்தான் என்று சொன்னால் மிகையல்ல.

இனி 641-க்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் 641-ஐ அடைய 116 வகுத்தல்கள் வேண்டும், ஏனென்றால் 641 என்பது 116ஆவது பகா எண். எந்த வகுத்தியும் இல்லாத எண்ணாக இருந்திருந்தால் 65536-க்கு உட்பட்ட 6542 பகா எண்களையும் சோதித்திருக்க வேண்டும். ஆய்லரின் விதி இந்த உழைப்பை எப்படிக் குறைக்கிறது என்று பார்ப்போம்.

ப என்ற ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை ஒவ்வொன்றாக ப-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனால், 64ஆம் இடத்தில் 1 வருகிறது என்று பொருள். மீதி 1 வந்ததும் வரிசை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே முதன்முதலில் 1 வரும் இடம் 64-இன் வகுத்தியாகத்தான் இருக்க முடியும்: 1, 2, 4, 8, 16, 32 அல்லது 64. ஆனால் 32-லோ அதற்கு முந்திய இந்த இடங்களிலோ 1 வந்திருந்தால் 32ஆம் இடத்திலும் 1 வந்தாக வேண்டும். அங்கே இருப்பதோ −1. எனவே சுழற்சியின் நீளம் சரியாக 64.

இங்கே ஃபெர்மாவின் சிறு தேற்றம் கைகொடுக்கிறது. 2-இன் அடுக்கை ப − 1 ஆக எடுத்துக்கொண்டால், ப-ஆல் வகுக்கும்போது மீதி 1 என்பது அந்தத் தேற்றம். அதாவது ப − 1 ஆம் இடத்திலும் 1 வருகிறது. சுழற்சியின் நீளம் 64 என்பதால் ப − 1 என்பது 64-இன் மடங்கு. முடிந்தது. 4294967297-இன் எந்தப் பகா வகுத்தியும் 64-இன் மடங்கை விட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும்.

அந்த எண்களை எழுதிப் பாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியவை பகு எண்கள், ஒதுக்கிவிடலாம். மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் வகுக்காது. ஐந்தாவது வகுக்கும். 116 வகுத்தல்கள் ஐந்தாகக் குறைந்துவிட்டன.

1878-இல் எத்துவார் லூக்காஸ் இதையும் செம்மைப்படுத்தினார். 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்றார். காரணம் எளிது. 2²⁴ − 2⁸ என்ற எண்ணை, அதாவது 16776960-ஐ வர்க்கப்படுத்திப் பாருங்கள். 2⁴⁸ − 2 × 2³² + 2¹⁶ வரும். அதில் 2⁴⁸ + 2¹⁶ என்ற பகுதி 2¹⁶ × (2³² + 1), அது முழுதாக வகுபட்டுவிடும். மிஞ்சும் −2 × 2³² என்பதில் 2³²-க்குப் பதில் −1 போட்டால் கிடைப்பது 2. அதாவது 16776960-இன் வர்க்கம் 2 என்ற மீதியைத் தருகிறது. 2-இன் சுழற்சி நீளம் 64 என்றால் அதன் வர்க்கமூலமாக நிற்கும் இந்த எண்ணின் சுழற்சி நீளம் 128. மேலே சொன்ன அதே தர்க்கப்படி ப − 1 இப்போது 128-இன் மடங்காகிறது.

பட்டியல் இப்போது 129, 257, 385, 513, 641 என்று சுருங்கிவிட்டது. இதில் பகா எண்கள் 257, 641 இரண்டே. 257 இதே வரிசையில் முன்னால் வந்த எண். இந்த வரிசையின் எந்த இரு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது (ஏன் என்று கீழே வருகிறது), ஆகவே 257-ஐச் சோதிக்கவே வேண்டாம். மிஞ்சுவது 641 ஒன்றுதான். முதல் வகுத்தலிலேயே கிடைக்கும் என்று நான் சொன்னது இதனால்தான்.

வகுத்துப் பார்க்காமலேயே 641 வகுக்கும் என்று காட்டும் வழியும் உண்டு. எண் கோட்பாட்டைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் சமன்பாடு சொல்வது: 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவது சமன்பாடு சொல்வது: 5⁴-க்குப் பதிலாக −2⁴ போடலாம். போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-க்கு மீதி 1. ஆகவே 2³² + 1-க்கு மீதி 0. பத்து இலக்க எண்ணை எங்கும் எழுதவே இல்லை.

இதை நம்பத் தயங்குகிறவர்கள் நேராகவும் சரிபார்க்கலாம். 2¹⁶ = 65536. அதிலிருந்து 641 × 102 = 65382-ஐக் கழித்தால் 154. 154-இன் வர்க்கம் 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. ஒரு தாளின் ஓரத்தில் முடிந்துவிடும் கணக்கு.

அப்படியானால் ஃபெர்மா ஏன் தவறவிட்டார்? தேற்றம் அவருடையது. கடிதம் எழுதிய அதே 1640-இல் 2³⁷ − 1 பகா எண் அல்ல என்பதை அவர் இதே உத்தியால்தான் கண்டுபிடித்தார். அதன் வகுத்திகள் 74-இன் மடங்கை விட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று கண்டு, 149-ஐத் தள்ளி, அடுத்த பகா எண்ணான 223 வகுப்பதைக் காட்டினார். அதே முறையை 2³² + 1-இன் மீது செலுத்தியிருந்தால் ஐந்தாவது சோதனையில் 641 சிக்கியிருக்கும். அவர் சோதித்து எங்கோ ஒரு வகுத்தலில் பிழை விட்டிருக்கலாம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அது நியாயமான ஊகம் என்றே நானும் நினைக்கிறேன். முதல் ஐந்து எண்களும் பகா எண்களாக அமைந்தபோது ஆறாவதும் அப்படியே இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பொறியும் இந்த எண்ணில் இருக்கிறது. சிறு தேற்றத்தைத் திருப்பிப் போட்டு, 2-இன் அடுக்கை எண் கழித்தல் ஒன்றாக எடுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது பகா எண்ணைச் சோதிக்கும் ஒரு வழக்கமான முறை. நம் எண்ணில் ஒன்றைக் கழித்தால் 2³², அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். பகு எண்ணாக இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. இந்த வரிசையின் எல்லா எண்களும் அப்படித்தான். 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்படும். 1877-இல் பெப்பின் அதை உறுதியான விதியாக்கினார். 3-இன் அடுக்கை, எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்ததில் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி −1 வந்தால் (வரிசையின் முதல் எண்ணான 3-ஐத் தவிர) அது பகா எண், வராவிட்டால் பகு எண். ஒரு வகுத்திகூடத் தெரியாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

6700417 பகா எண் என்பதையும் நாமே உறுதி செய்துகொள்ளலாம். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் 128-இன் மடங்கு கூட்டல் ஒன்று என்ற வடிவில் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-க்கு வேலையில்லை. மற்ற நான்கால் வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. நான்கே வகுத்தல்களில் ஓர் ஏழு இலக்க எண் பகா எண் என்று நிரூபித்துவிட்டோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பண்பு. 2³² + 1 என்பது 65536² + 1² என்பது பார்த்தவுடனே தெரியும். அதே எண்ணை இன்னொரு விதமாகவும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும்:

4294967297 = 62264² + 20449²

62264-இன் வர்க்கம் 3876805696. 20449-இன் வர்க்கம் 418161601. கூட்டிப் பாருங்கள். (20449 என்பதே 143-இன் வர்க்கம் என்பது கூடுதல் அழகு.) ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால் ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இரண்டு வழிகள் இருக்கின்றன என்ற ஒன்றே, இந்த எண் பகா எண் அல்ல என்பதற்குப் போதுமான சாட்சி.

வகுத்தி எது என்பதும் இதிலிருந்தே வரும். 65536-க்கும் 62264-க்கும் உள்ள வித்தியாசம் 3272. 20449-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசம் 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 8. அதனால் வகுத்தால் 409, 2556. இப்போது 409² + 2556² எவ்வளவு? 167281 + 6533136 = 6700417. பெரிய வகுத்தி தானாக எழுந்து நிற்கிறது. வித்தியாசங்களுக்குப் பதில் கூட்டுத்தொகைகளை எடுத்தால் 127800, 20450. அவற்றின் பொது வகுத்தி 50. முதலில் கிடைத்த 8-இன் பாதி 4, இந்த 50-இன் பாதி 25. 4² + 25² = 641. இந்த முறையும் ஆய்லர் கையாண்டதுதான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு விடை இந்தியாவிலிருந்து வருகிறது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர், வர்க்கப் பிரகிருதி என்ற வகைக் கணக்குகளுக்காகப் 'பாவனா' என்ற விதியைக் கொடுத்தார். அதன் ஒரு வகை இது: இரண்டு எண்கள் ஒவ்வொன்றும் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இருந்தால், அவற்றின் பெருக்கற்பலனும் இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகும், அதுவும் இரண்டு விதமாக. 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². குறுக்கே பெருக்குவோம்.

25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264.
25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கழித்தால் 1, கூட்டினால் 20449.

10225-உம் 10224-உம் ஒன்றே ஒன்றில் வேறுபடுகின்றன. அந்த ஒன்றுதான் 2³² + 1-இல் உள்ள "+ 1". மறுபக்கம் 63900-உம் 1636-உம் கூடி மிகச் சரியாக 2¹⁶ ஆகின்றன. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஃபெர்மாவின் கூற்று உடைந்தது இந்த இரண்டு பெருக்கல்களும் இப்படிப் பொருந்தியதால்தான்.

இனி 4294967297-இன் அண்டை வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து 2-ஐக் கழித்தால் 4294967295, அதாவது 2³² − 1. இதை (2¹⁶ − 1)(2¹⁶ + 1) என்று பிரிக்கலாம். அதில் 2¹⁶ − 1-ஐ மீண்டும் அதே போலப் பிரிக்கலாம். பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

வரிசையில் முன்னால் வந்த ஐந்து எண்களின் பெருக்கற்பலன் நம் எண்ணை விட 2 குறைவு. ஆகவே அந்த ஐந்தில் எதனால் நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2. பொது வகுத்தி கிடையாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுவே. பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு இதிலிருந்து கோல்ட்பாக் ஒரு நிரூபணம் எழுதினார். வரிசை முடிவில்லாமல் நீள்கிறது, எந்த இரண்டுக்கும் பொதுவான பகா வகுத்தி இல்லை, எனவே ஒவ்வொரு எண்ணும் ஒரு புதிய பகா எண்ணையாவது கொண்டுவந்தாக வேண்டும்.

இந்த ஐந்து பகா எண்களுக்கு வடிவியலிலும் இடமுண்டு. 1796-இல், இன்னும் 19 வயது நிரம்பாத காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். யூக்ளிட் காலத்துக்குப் பிறகு அந்தத் துறையில் நிகழ்ந்த முதல் பெரிய முன்னேற்றம் அது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை இந்த வரிசையின் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்க வேண்டும். அது போதுமானது என்பதை 1801-இல் காஸ் வெளியிட்டார். அது தவிர்க்க முடியாதது என்பதை 1837-இல் வான்ட்ஸெல் நிரூபித்தார். 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தைக் கொண்டு 31 பெருக்கற்பலன்கள் அமைக்கலாம். அவற்றில் மிகப் பெரியது 4294967295. ஆறாவது எண்ணும் பகா எண்ணாக இருந்திருந்தால் பட்டியல் 63 ஆக வளர்ந்திருக்கும். 641 என்ற ஒற்றை வகுத்தி அந்த வாசலை அடைத்துவிட்டது.

அந்த 31 எண்களையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாஸ்கல் முக்கோணத்தை எழுதி, ஒற்றை எண் இருக்கும் இடங்களில் 1, இரட்டை எண் இருக்கும் இடங்களில் 0 என்று மாற்றுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் 32 வரிகளில் 1-ஐ விட்டுவிட்டால் மிஞ்சும் 31-உம் சரியாக அந்தப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகளே, ஏறுவரிசையில். 33ஆவது வரி ஒரு 1, முப்பத்தொரு சுழியங்கள், மீண்டும் ஒரு 1 என்று இருக்கும். அதைப் படித்தால் 4294967297. பாஸ்கல் முக்கோணமும் பலகோணங்களும் அதுவரை ஒன்றாக நடந்து அந்த வரியில் பிரிந்துவிடுகின்றன.

கணினித் துறையில் இருக்கிறவர்களுக்கு 2³² புதிதல்ல. 32 பிட்டுகளில் சுழியத்திலிருந்து 4294967295 வரைதான் எழுத முடியும். பழைய இணைய முகவரி முறையின் முகவரிகள் மொத்தம் 2³² என்பதும் இதனால்தான். நம் எண் அந்த எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. 32 பிட்டில் அதைச் சேமிக்க முயன்றால் மிஞ்சுவது 1 மட்டும். இதில் ஒரு நடைமுறைப் பயன் ஒளிந்திருக்கிறது. 641 × 6700417 என்பது 2³²-ஐ விட ஒன்றே ஒன்று அதிகம் என்பதால், 641-ஆல் வகுப்பதற்குப் பதில் 6700417-ஆல் பெருக்கி, கடைசி 32 பிட்டுகளை வெட்டிவிட்டால் சரியான ஈவு வந்துவிடும். 32 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணுக்கும் இது பிசகாது. 10 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6700417-ஆல் பெருக்கினால் 6700417000000. அதை 2³²-ஆல் வகுத்தால் முழுப்பகுதி 1560. 641-ஆல் நேராக வகுத்தாலும் 1560-தான். வகுத்தல் மெதுவானது, பெருக்கல் விரைவானது என்பதால் தொகுப்பிகள் (நிரலைக் கணினிக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர்கள்) மாறிலிகளால் வகுக்கும்போது இந்த வகை உத்தியையே கையாளுகின்றன. பெரும்பாலான வகுத்திகளுக்குப் பெருக்கிய பிறகு இன்னும் சில பிட்டுகளை நகர்த்த வேண்டியிருக்கும். 641-க்கு அந்தத் திருத்தம் தேவையில்லை.

பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு பயிற்சியும் இதில் உண்டு. 1-ஐ 641-ஆல் நீள் வகுத்தல் முறையில் வகுக்கச் சொல்லுங்கள். 0.00156006240249609984399375975039 என்று போய் 32 இலக்கங்களுக்குப் பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அந்த 32 இலக்கங்களை இரண்டு பாதிகளாக வெட்டி ஒன்றின் கீழ் ஒன்று எழுதுங்கள்:

0015600624024960
9984399375975039

ஒவ்வொரு நெடுவரிசையும் கூடி 9 வரும். 10¹⁶-ஐ 641-ஆல் வகுத்தாலும் மீதி −1 என்பதன் விளைவு இது. 2³²-க்கு நடந்ததே இங்கே 10-இன் அடுக்குகளுக்கும் நடக்கிறது.

இந்த எண்ணைப் பற்றிய ஒரு மனிதக் கதையையும் விட்டுவிட மனமில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் பிறந்த ஸெரா கோல்பர்ன் என்ற சிறுவன், மனக்கணக்கில் வல்லவன், 1812-இல் லண்டனுக்கு அழைத்து வரப்பட்டான். அங்கே அவனிடம் 4294967297-இன் காரணிகளைக் கேட்டபோது 641 என்றும் 6700417 என்றும் சொன்னதாக அக்காலக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. அவனுக்கு அப்போது எட்டு வயது. ஆய்லரின் விதி எதையும் அவன் படித்திருக்கவில்லை.

வரிசையில் அடுத்து வரும் எண்களின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது எண்ணான 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617, 274177 × 67280421310721 என்று பிரியும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களிலும் இரட்டித்து வைத்த தானியங்களின் மொத்தத்தை விட இது 2 அதிகம். 1880-இல் இந்தக் காரணிகளை வெளியிட்ட லாண்ட்ரிக்கு அப்போது 82 வயது. அதற்கு அடுத்த, 39 இலக்கங்கள் கொண்ட எண் உடைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மோரிசனும் பிரில்ஹார்ட்டும் கணினி கொண்டு அதை உடைத்தார்கள். 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. 2-இன் அடுக்கு 2³² வரை உள்ள எல்லா எண்களும் பகு எண்கள் என்பது உறுதியாகிவிட்டது. அவற்றில் சிலவற்றுக்கு, பெப்பின் சோதனையால் பகு எண் என்று தெரிந்தும், ஒரு வகுத்திகூடக் கிடைக்கவில்லை. ஃபெர்மாவின் எண்களில் இனிப் பகா எண்ணே கிடையாதா என்பது நிரூபிக்கப்படவில்லை. பகு எண்கள் முடிவில்லாமல் வருமா என்பதும் நிரூபிக்கப்படவில்லை.

தீர்ப்புக்குக் காத்திருக்கும் முதல் எண், 2-இன் அடுக்கை 2³³ ஆக வைத்து ஒன்று கூட்டினால் வருவது. அதற்கு 2585827973 இலக்கங்கள். பெப்பின் சோதனையை அதன் மீது நடத்துவது இன்றைய கணினிகளுக்கும் மிகப் பெரிய சுமை. ஆனால் லூக்காஸின் விதி அதற்கும் பொருந்தும். அதன் பகா வகுத்தி எதுவானாலும் 2³⁵-இன், அதாவது 34359738368-இன் மடங்கை விட ஒன்று கூடுதலாகவே இருக்கும். ஆர்வலர்கள் அந்த மடங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். 128-இன் ஐந்தாவது மடங்கில் ஆய்லருக்குக் கிடைத்த வகுத்தியைப் போல ஒன்று இங்கே இன்னும் சிக்கவில்லை.